அன்று காலை அக்கா பேருந்தில் ஏற்றிவிட்ட மெழுகுவர்த்திகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் அக்காவின் கணவர், என் மச்சான், என்னிடம், "வருஷம் திரும்புதுப்பா, திதிக்கு ஏற்பாடு பண்ணோணும்" என்றார். "யாருக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓராண்டு ஆகியும் என் நிலைமை இதுதான். அக்கா இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேள்விப்படுகிற செய்தி போலவே இருக்கிறது.

நான் கொல்லிமலைப் பாதையில் பேருந்து ஓட்டுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. அக்கா மகள் பூங்கொடிதான், "நீங்கதான் மாமா எழுதோணும். அம்மாளப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியாது" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்மையாகவே என்னிடம் இருந்தது. அதையும் இதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா பிறந்தது வளப்பூர் நாட்டில்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்போம். மிளகும் பலாவும் மரவள்ளியும் விளையும் சிறிய தோட்டம் எங்களுடையது. எங்கள் பெற்றோருக்கு அக்கா மூத்த பிள்ளை. எட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன் நான். அக்கா பத்தாம் வகுப்பு எழுதிய ஆண்டில் அப்பா பலாமரத்திலிருந்து விழுந்து தவறிப்போனார். அக்கா தேர்ச்சி பெற்றிருந்தும் மேலே படிக்கவில்லை. அம்மாவோடு தோட்டத்தில் இறங்கிவிட்டார். என் சட்டைக்குப் பொத்தான் தைத்தது முதல் என் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பம் நிரப்பியது வரை எல்லாம் அக்காதான். இருபத்திரண்டு வயதில் வாழவந்தி நாட்டில் வாழ்க்கைப்பட்டார். மச்சான் மிளகுத் தோட்டத்தோடு தேனும் எடுப்பவர். அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் அக்காவின் கைக்கு மெழுகு வந்தது.

மலையில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் எங்காவது ஒரு மரம் மின்கம்பியின் மேல் விழும். அப்புறம் இரண்டு மூன்று நாட்களுக்கு வெளிச்சம் இருக்காது. கடைகளில் வாங்கும் மெழுகுவர்த்திகள் கீழிருந்து வரும்போதே வெயிலில் வளைந்துபோயிருக்கும். மகளிர் குழுவிலிருந்து பயிற்சிக்கு ஆள் கேட்டபோது, ஊதுபத்தி, ஊறுகாய் என்று மற்றவர்கள் பெயர் கொடுக்க, அக்கா மெழுகுவர்த்திக்குக் கொடுத்தார். கீழே போய் ஐந்து நாள் கற்றுக்கொண்டு வந்தார். வெள்ளை மெழுகுக் கட்டியை உருக்கி, திரி கோத்த அலுமினிய அச்சில் ஊற்றி, ஆறியதும் பிரித்து எடுக்கும் எளிய முறை அது. அது அவருக்குச் சீக்கிரமே கைவந்தது. மலையில் பல வீடுகளில் அக்காவின் மெழுகுவர்த்தி எரிந்தது.

ஆனால் வீட்டிலேயே தேனடை கிடக்க, மெழுகுக் கட்டியை ஏன் கீழிருந்து தூக்கி வர வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. தேன் பிழிந்த அடையைத் துணியில் கட்டி, கொதிநீரில் போட்டு, மேலே கல் வைத்து அழுத்துவார். மெழுகு மட்டும் கசிந்து மிதக்கும். ஆறினால் மஞ்சள் வட்டாக உறையும். அடியில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டிவிட்டு மறுபடி உருக்கி வடிகட்டுவார். இதுவரை எல்லாம் சரியாக வந்தது. அச்சில் ஊற்றினால்தான் வம்பு. தேன்மெழுகு அச்சோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பாதி இங்கும் பாதி அங்குமாக உடைந்தது. எண்ணெய் தடவிப் பார்த்தார், சோப்பு நீர் தடவிப் பார்த்தார். ஒரு மழைக்காலம் முழுவதும் உடைந்த மெழுகுவர்த்திகள்தான்.

அடிவாரத்தில் ஒரு மாதா கோயிலுக்கு வெள்ளை மெழுகுவர்த்தி கொடுக்கப் போனபோது, பீடத்தில் எரிந்து மிஞ்சிய பழைய துண்டு ஒன்றைப் பார்த்திருக்கிறார். மஞ்சள் நிறம், தேன் வாசம். கேட்டு வாங்கி வந்தார். அன்று நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அருவாமனையை எடுத்து அந்தத் துண்டைக் குறுக்கே அரிந்தார். வெங்காயம் அரிந்தது போல உள்ளே வளையம் வளையமாக இருந்தது.

"டேய் கண்ணு, இங்க பாரு. இது ஊத்துனது இல்லடா. முக்கி முக்கி எடுத்தது" என்று கத்தினார். தொலைந்துபோன மாட்டைக் கண்டுபிடித்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

அதன்பிறகு அச்சைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். மூங்கில் குச்சியில் ஏழு திரிகளைத் தொங்கவிட்டு, உருகிய மெழுகில் முக்கி எடுப்பார். ஆறவிட்டு மறுபடி முக்குவார். ஒவ்வொரு முறைக்கும் ஒரு தோல் ஏறும். மெழுகில் சூடு கூடினால் ஏற்கனவே ஏறிய தோலும் கரைந்து போகும். குறைந்தால் முடிச்சு முடிச்சாக ஒட்டும். ஒரு துளியை மணிக்கட்டின் உட்புறம் விட்டுப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். ஒரு விரல் பருமன் வர முப்பது நாற்பது முறை முக்க வேண்டும். "கை வலிக்கலியாக்கா?" என்று கேட்டால், "வலிக்குது. அதுக்கென்ன?" என்பார்.

தெரிந்துகொள்வதிலும் அக்காவுக்கு அலுப்பே கிடையாது. அந்தக் கோயில் ஃபாதரிடம் கேட்டுக் கேட்டு நிறையத் தெரிந்துவைத்திருந்தார். அந்தக் காலத்தில் மேலை நாடுகளில் ஏழைகள் வீட்டில் மாட்டுக் கொழுப்பில் செய்த மெழுகுவர்த்திதான் எரிந்ததாம். புகையும் நாற்றமும் சகிக்காதாம். தேன்மெழுகு கோயில்களிலும் அரண்மனைகளிலும்தான் எரியுமாம். மண்ணெண்ணெய் எடுக்கும் அதே எண்ணெயிலிருந்து வெள்ளை மெழுகு பிரிக்கக் கற்ற பிறகுதான் எல்லார் வீட்டுக்கும் மெழுகுவர்த்தி வந்ததாம். நம் மலை மெழுகுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று சந்தைக்கு வரும் வியாபாரி ஒருவர் சொன்னதை அக்கா பெருமையாகச் சொல்வார். கோயில் சிலை வார்ப்பவர்கள் முதலில் மெழுகில்தான் உருவம் செய்வார்கள். அதன்மேல் மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். "நம்ம பூச்சி கட்டுன மெழுகுதான் மொதல்ல சாமியா நிக்குது" என்பார்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவும் மச்சானும் பூங்கொடியும் இதைப் படிக்கும்போது என்னைத் திட்டலாம். திட்டட்டும்.

அக்காவின் இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருந்த தீத்தழும்பை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கை தவறி, எரிகிற மெழுகில் தானே தண்ணீரை ஊற்றிவிட்டதாக அக்கா சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். ஊற்றியது அக்கா இல்லை. நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கனரக வாகன உரிமத்துக்குக் காத்திருந்த நேரம். மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி கேட்டிருந்தார்கள். அக்கா வீட்டில் உதவிக்கு இருந்தேன். மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. தண்ணீர் கொதிக்கும் பெரிய பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று பிற்பகல் நான் பார்க்கவில்லை. போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழுக்க வற்றி, மெழுகு புகைந்து, குப்பென்று தீப்பிடித்தது. கொல்லையில் இருந்த அக்கா ஓடி வந்து, "மூடு, மூடு" என்று கத்திக்கொண்டே தட்டை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் நான் குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டேன்.

எரிகிற மெழுகில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தீ தூணாக எழுந்து கூரையைத் தொட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் கைதான் எரிந்தது. அந்தக் கையோடு, மறு கையால் ஈரச் சாக்கை எடுத்துப் போட்டுத் தீயை அணைத்ததும் அவரேதான். நான் காலிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

மருத்துவமனையில் எப்படி நேர்ந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார். "நானேதானுங்க தண்ணிய ஊத்திப்போட்டேன். புத்தி இல்லாம பண்ணிப்போட்டேனுங்க." ஓடி வந்த மச்சானிடமும் அதையேதான் சொன்னார். பிறகு தனியாக இருந்தபோது, "ஏக்கா இப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "நீ நாளைக்கு பஸ் ஓட்டப் போறவன். அவசரக்காரன்னு பேரு வந்தா யாருடா வண்டியக் குடுப்பாங்க? விடு சாமி" என்றார்.

அதோடு விடவும் இல்லை. பின்னாளில் மலையின் மற்ற நாடுகளிலிருந்தும் பெண்கள் அவரிடம் மெழுகுவர்த்தி கற்க வந்தார்கள். குண்டூர் நாட்டிலிருந்து மட்டும் ஒரு குழுவே வந்தது. ஒவ்வொரு முறையும் முதல் பாடமாகப் பாத்திரத்துக்கு மூடியை எடுத்து வைத்துவிட்டு, கையை நீட்டிக் காட்டி, "நான் பண்ணுன தப்ப நீங்க பண்ணீராதீங்க. தீப்புடிச்சா மூடோணும். தண்ணி ஊத்தக் கூடாது" என்பார். சில நாட்களில் நானும் அங்கே உட்கார்ந்திருப்பேன். ஒரு முறைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

அக்கா போன அந்த நாளைப் பற்றி எழுத மூன்று முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு மேலிருந்து வண்டியை எடுத்தேன். வாழவந்தி நாட்டு நிறுத்தத்தில் அக்கா இரண்டு அட்டைப் பெட்டிகளோடு நின்றார். மாதா கோயிலுக்கான மெழுகுவர்த்திகள். கண்டக்டர் பழனிவேல் வாங்கி என் இருக்கைக்குப் பின்னால் வைத்தான். அக்கா ஜன்னல் ஓரம் வந்து, "வளைவுல மெதுவாப் போ சாமி, ஒடிஞ்சு போயிரும்" என்றார்.

"ஆளுங்க முக்கியமா, மெழுகுவர்த்தி முக்கியமாக்கா?"

"ரெண்டுந்தான். ஆளுங்க கம்பியப் புடிச்சுக்குவாங்க, அது எதப் புடிக்கும்?"

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். தலைவலி என்றோ மயக்கம் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பத்தாறு வயது. காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்த்தேன். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வண்டி ஓட்டும்போது என் போன் பழனிவேலிடம்தான் இருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டோம், போன் அடித்தது. அவன் எடுத்தான். "யாருப்பா?" என்றேன். "ஊட்டுல இருந்துதானுங்கண்ணா. சும்மாதான். கீழ போயிப் பேசிக்கலாம்" என்றான். பாட்டை நிறுத்தினான். ஏன் என்றதற்கு, "தலை வலிக்குதுங்கண்ணா" என்றான். கொஞ்ச தூரத்தில் மறுபடி அடித்தது. இந்த முறை அவன் பின்பக்கம் போய்ப் பேசினான். திரும்பி வந்து என் இருக்கையை ஒட்டி, பயணிகளுக்கும் எனக்கும் நடுவே நின்றுகொண்டான்.

வண்டிக்குள் பேச்சு அடங்கியது. எங்கள் வண்டியில் வளைவுகளில் எப்போதும் சத்தம்தான். அன்று குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. முன் இருக்கையில் அக்காவின் பக்கத்து வீட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். வாந்தி வருகிறது போல என்று நினைத்து, "எலுமிச்சம்பழம் இருக்குதுங்க, எடுத்து மோந்து பாருங்க" என்றேன். அவர் பழத்தை வாங்கிக்கொண்டார். முகத்தைக் காட்டவில்லை.

அடிவாரம் வந்து வண்டியை நிறுத்தினேன். யாரும் இறங்கவில்லை. "எறங்குங்க, ஊரு வந்துருச்சு" என்றேன். யாரும் அசையவில்லை. பழனிவேல் முதலில் குனிந்து வண்டிச் சாவியைத் திருகி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். பிறகு என் தோளில் கை வைத்தான்.

"அண்ணா, அக்கா போயிட்டாங்கண்ணா."

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

வீட்டுக்குத் திரும்பிய அக்கா, அடுப்பைப் பற்றவைத்து, குச்சியில் ஏழு திரி கட்டி நான்கு முறை முக்கியிருக்கிறார். "கண்ணு, தலை என்னமோ மாதிரி வருது" என்று பூங்கொடியிடம் சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்தவர் பேச்சு மூச்சில்லாமல் போயிருக்கிறார். முதல் போன் அதற்கு. மருத்துவமனைக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டாவது போன் அதற்கு. என் வண்டியில் இருந்த நாற்பது பேருக்கும் என் அக்கா இறந்தது தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அவர் மெழுகுவர்த்திகளை ஒடியாமல் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும் என்று வளைவுக்கு வளைவு பதமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

முன்பின் தெரியாத ஒருவர் தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு திரும்பவும் அத்தனை வளைவுகளையும் ஏறினார். வீட்டு வாசலில் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏஞ்சாமி, உன்ற பஸ்ஸுலதான வந்தா? அக்காள எங்கடா?" என்று கேட்டார். பெட்டியைத்தான் அனுப்பினார், தான் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு பார்த்தால், அடுப்பில் மெழுகு அப்படியே உறைந்திருந்தது. கீழே நழுவிய குச்சியும் ஏழு திரியும் அதற்குள் புதைந்திருந்தன. மச்சான் அந்தப் பாத்திரத்தை யாரையும் தொட விடவில்லை. முப்பதாம் நாள் கழிந்து பூங்கொடிதான், "அப்பா, திரி நனஞ்சதோட நிக்குது. நான் முடிச்சுப்போடறனே" என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். மெழுகை இளக்கி, அந்த ஏழு திரியையும் வெளியே எடுத்து, மிச்சத்தை அவள் முக்கி முடித்தாள். இப்போது மாதா கோயிலுக்கு அவள்தான் அனுப்புகிறாள். அவளுடையது அக்காவுடையதைவிடக் கொஞ்சம் தடிமன்.

பழனிவேலோடு நான் இரண்டு மாதம் பேசவில்லை. என்னை ஒரு முட்டாளாக்கி ஓட்ட வைத்துவிட்டான் என்று கோபம். வேறு வண்டி கேட்டு மாறிக்கொண்டேன். ஒரு நாள் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, "அந்தப் பையனோட பேசறதில்லையாமாங்க?" என்றார். பிறகு அவரே சொன்னார். முதல் போன் வந்ததும், தன் போனிலும் தகவல் வந்த, பின்னால் இருந்த ஒருவர் என்னிடம் சொல்ல எழுந்திருக்கிறார். பழனிவேல் அவர் காலைப் பிடித்துக்கொண்டானாம். "உங்களக் கும்புட்டுக்கறேனுங்க, எறங்கற வரைக்கும் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். நாப்பது உசுரு இருக்குதுங்க." இரண்டாவது போன் வந்தபோது கடைசி இருக்கையில் தலையைக் கவிழ்த்து அழுதிருக்கிறான். மதியச் சாப்பாட்டில் பாதி நாள் அவனுக்கும் சேர்த்துத்தான் அக்கா கட்டிக் கொடுப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துதான் என் பின்னால் நின்றிருக்கிறான்.

அதைக் கேட்டபோது, காலிக் குடத்தோடு நான் நின்ற பிற்பகல் எனக்கு ஞாபகம் வந்தது. அதிர்ச்சியில் என் கை என்ன செய்யும் என்பது இந்த உலகத்தில் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பழனிவேலுக்குத் தெரியாது. தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறான். மறுநாள் அவன் வண்டிக்குப் போய் நின்றேன். "வாங்கண்ணா, டீ குடிக்கலாம்" என்றான்.

எங்கள் துக்கத்தில் பங்கெடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியது என் கடமை. தகவல் கேட்டதும் வந்து மூன்று நாட்கள் சமையலைப் பார்த்துக்கொண்ட மகளிர் குழுவினருக்கும், குண்டூர் நாட்டிலிருந்து பேருந்து கிடைக்காமல் நடந்தே வந்த அக்காவின் மாணவிகளுக்கும், மலையேறி வந்து வாசலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்த ஃபாதருக்கும், பைக்கில் கொண்டுவந்து விட்டுப் பெயர் சொல்லாமல் போன அந்த நண்பருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மச்சானிடமும் பூங்கொடியிடமும் அம்மாவிடமும், அந்தக் குடத்துத் தண்ணீருக்காக இத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன். பழனிவேல், உனக்குத் தனியாக எழுத எனக்குத் தெரியவில்லை. மறுபடி ஒரே வண்டியில் ஓடுகிறோம், அது போதும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, அன்று என் வண்டியில் வந்த பயணிகளுக்கு. உங்களுக்குக் கீழே எத்தனையோ வேலை இருந்திருக்கும். வண்டி நின்ற பிறகும் ஒருவர்கூட என்னைத் தாண்டி இறங்கிப் போகவில்லை. உங்களில் பலரை எனக்கு முகம்தான் தெரியும், பெயர் தெரியாது. இந்த மலர் யார் மூலமாவது உங்கள் கைக்கு வந்தால், அடுத்த முறை என் வண்டியில் ஏறும்போது பெயரைச் சொல்லி ஏறுங்கள். ஒவ்வொருவராகக் கும்பிட வேண்டும்.

அக்காவின் தம்பி